அச்சத்தில் முடிக்கப்படும் திருமணங்கள்

18 வயது நிறையாத பெண்ணையும் 21 வயது நிறையாத ஆணையும் ‘குழந்தை’ என்றே வரையறுக்கும் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டு, 2007 நவம்பர் முதல் நடைமுறையில் இருந்து வருகிறது. ஆயினும் 2019–21-இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், 20 முதல் 24 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 23.3 சதவீதத்தினர் 18 வயதுக்கு முன்பே மணமுடிக்கப்பட்டவர்கள் என்று தெரியவந்தது. 2005–06-இல் இதே கணக்கு 47.4 சதவீதமாக இருந்ததை எண்ணிப்பார்த்தால் சரிவு பெரிதுதான். மேற்கு வங்கத்திலும் பீகாரிலும் ஐந்தாவது ஆய்விலும் 40 சதவீதத்தைத் தாண்டி நின்ற இந்த எண், பெண்கல்வியில் முன்னணியில் நிற்பதாகப் பெருமைகொள்ளும் தமிழ்நாட்டில் 12.8 சதவீதம், அதாவது ஏறத்தாழ எட்டுப் பெண்களில் ஒருவர். பள்ளி இல்லாத ஊர் அரிதாகிவிட்ட ஒரு மாநிலத்தில், வங்கிக் கணக்கும் கைப்பேசியும் வைத்திருக்கும் பெற்றோர் பத்தாம் வகுப்பு முடித்த மகளுக்கு வரன் பார்ப்பதை அறியாமை என்ற ஒரே சொல்லால் விளக்கிவிட முடியாது. சட்டம் தடுக்கிறது என்பது அவர்களில் பெரும்பாலோர்க்குத் தெரியும். பத்திரிகை அடிக்காமல், மண்டபம் பிடிக்காமல், விடியுமுன் ஏதோவொரு கோயிலில் தாலி கட்டி முடிப்பதே அது தெரிந்திருப்பதற்குச் சான்று. அவர்களை உந்துவது பெரும்பாலும் அச்சம். அந்த அச்சம் எங்கிருந்து வருகிறது, அது மகளின் மனத்தில் என்னவாக மாறுகிறது என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே பார்க்கவேண்டியிருக்கிறது.

இளவயதுத் திருமணம் பழைய காலத்தின் எச்சம் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது பாதி உண்மையே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பூப்புக்கு முன்பே பெண்ணை மணமுடித்துவிட வேண்டும் என்ற விதி உயர்சாதிக் குடும்பங்களில்தான் மிகக் கடுமையாகப் பின்பற்றப்பட்டது. பதினோரு வயதில் மணமுடிக்கப்பட்டு, வளர்ந்தபின் கணவன் வீட்டுக்குச் செல்ல மறுத்து, 1880-களில் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்காடிய ருக்மாபாய் பின்னாளில் மருத்துவரானார். வங்காளத்தில் பத்து, பதினொரு வயதுச் சிறுமியான புல்மணி தாசி கணவனின் வல்லுறவால் இறந்துபோனதன் அதிர்வில், உடலுறவுக்கு இசைவளிக்கும் வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தும் சட்டம் 1891-இல் வந்தது. திருமண வயதையே தொட்ட முதல் அனைத்திந்தியச் சட்டமான 1929-ஆம் ஆண்டுச் சாரதா சட்டம், பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வரையறுத்தது. பெண்ணின் வயது 1949-இல் 15 ஆகவும், 1978-இல் 18 ஆகவும் உயர்ந்தது. சென்னை மாகாணத்தில் இதற்காக வாதாடியவர்களில் முத்துலட்சுமி ரெட்டியும், சிறுவயதிலேயே மணமாகி விதவையாகி, பின் பட்டம் பெற்று, தம்மைப்போன்ற இளம் விதவைகளுக்கு விடுதி நடத்திய சகோதரி சுப்பலட்சுமியும் முன்னணியில் நின்றனர். அ. மாதவையா 1903-இல் வெளியிட்ட ‘முத்துமீனாட்சி’ நாவலும் குழந்தை விதவையின் துயரத்தையே பேசியது. அன்று அந்த வழக்கத்தைப் பிடிவாதமாகப் பற்றிநின்ற சமூகங்கள் கல்வியும் நகர வேலையும் கிடைத்ததும் அதைப் பெருமளவு கைவிட்டுவிட்டன. இன்று இளவயதுத் திருமணம் நடக்கும் பெரும்பாலான குடும்பங்களில் அதை வலியுறுத்தும் சாத்திரம் எதுவும் இல்லை. காரணங்கள் எல்லாம் இந்தக் காலத்தவை.

அவற்றில் முதலாவது, பூப்பெய்திய மகளைப் பற்றிய கவலை. மஞ்சள் நீராட்டு விழாவை ஊரறியச் செய்து, தாய்மாமன் சீர் வரிசையை ஒலிபெருக்கியில் அறிவித்து, வீட்டில் ஒரு பெண் மணத்துக்குரியவளாகிவிட்டாள் என்று உலகுக்குச் சொல்லும் அதே குடும்பம், மறுநாள் முதல் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பதாகப் பேசத் தொடங்குகிறது. அந்த நெருப்பு என்பது பெண் யாரையாவது விரும்பிவிடுவாளோ, அதிலும் வேற்றுச் சாதியில் விரும்பிவிடுவாளோ என்ற பயம். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் போன்ற மாவட்டங்களில் இந்தப் பயத்துக்கு அண்மைக்கால வரலாறே உரமிட்டிருக்கிறது; 2012 நவம்பரில் தருமபுரி மாவட்டத்தின் நத்தம் உள்ளிட்ட தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டதற்குச் சாதி கடந்த ஒரு காதல் திருமணமே காரணமாகக் காட்டப்பட்டது. பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி ‘ஓடிப்போய்விட்டாள்’ என்ற செய்தி பரவிய வாரத்தில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை மகள்களின் பள்ளிப் படிப்பு நின்றுபோகிறது என்பதை எந்தப் புள்ளிவிவரமும் கணக்கெடுப்பதில்லை. மகளிடம் கைப்பேசி பிடிபட்டதே போதுமான காரணமாகிவிடுகிறது. முறைமாமன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால் சொத்தும் வெளியே போகாது, மானமும் போகாது என்ற கணக்கு, நெருங்கிய உறவில் மணமுடிக்கும் வழக்கம் இன்னும் வலுவாக உள்ள தமிழ்நாட்டில் எளிதாகச் செல்லுபடியாகிறது.

இதே அச்சத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. வீட்டில் தனக்கு வரன் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும், விரும்பியவனுடன் பதினாறு, பதினேழு வயதிலேயே வெளியேறித் தாலி கட்டிக்கொள்ளும் பெண்களின் திருமணமும் சட்டத்தின் பார்வையில் குழந்தைத் திருமணமே. பெற்றோர் திணிக்கும் திருமணத்திலிருந்து தப்புவதற்கு இன்னொரு திருமணத்தைத் தவிர வேறு வழி அவளுக்குக் காட்டப்படவில்லை என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

பணத்தின் பங்கு இரண்டாவது. பெண்ணின் வயதும் படிப்பும் ஏறஏற அவளுக்குத் தகுந்த மாப்பிள்ளையின் விலையும் ஏறுகிறது. பத்தாவது முடித்தவளுக்கு ஐந்து பவுனில் முடியும் காரியம் பட்டம் பெற்றவளுக்கு இருபது பவுன் கேட்கும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். இரண்டு மூன்று பெண்கள் உள்ள வீட்டில் மூத்தவளைச் சீக்கிரம் ‘தள்ளிவிட்டால்’தான் அடுத்தவளுக்கு மூச்சுவிட முடியும். பிழைப்புக்காகச் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ ஆறு மாதம் ஊரைவிட்டுப் போகும் தம்பதிக்குப் பதினைந்து வயது மகளை யாருடைய பொறுப்பில் விட்டுச்செல்வது என்பது வெறும் சாக்கு அன்று, உண்மையான சிக்கல். மலைக் கிராமங்களில் எட்டாம் வகுப்புக்குப் பிறகு பள்ளிக்குப் பல கிலோமீட்டர் போகவேண்டியிருப்பதும், விடுதியில் இடம் கிடைக்காமற்போவதும் இதனுடன் சேர்ந்துகொள்ளும். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில், மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை என்று சொல்லிப் பதின்வயதுப் பெண்களைச் சேர்த்த ஏற்பாடு, வரதட்சணை என்ற கவலையை எவ்வளவு திறமையாகக் கூலிக் குறைப்புக்குப் பயன்படுத்த முடியும் என்பதைக் காட்டியது. அங்கே திருமணம் தள்ளிப்போனது உண்மை. ஆனால் இளமை தப்பவில்லை.

போர் இதே தர்க்கத்தை இன்னும் கொடூரமாக நடத்திக்காட்டியது. இலங்கையில் பொதுச் சட்டப்படியான திருமண வயது 1995-இல் 18 ஆக உயர்த்தப்பட்டது. ஆயினும் இறுதிக்கட்டப் போரின்போது வன்னியில், மணமாகாதவர்களையே விடுதலைப் புலிகள் இயக்கம் படையணிக்குப் பிடித்துச் செல்கிறது என்ற நிலையில், பெற்றோர் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாக மணமுடித்து வைத்தனர். அவர்களிடம் மகளைக் காப்பாற்றக் கிடைத்த ஒரே கேடயம் தாலியாக இருந்தது. அந்தத் திருமணங்களில் கணவனை இழந்தவர்களும் கைவிடப்பட்டவர்களும் கைக்குழந்தையோடு முகாமுக்கு வந்துசேர்ந்தபோது, காத்ததாக எண்ணப்பட்ட ஏற்பாடே அவர்கள் சுமக்கவேண்டிய அடுத்த பாரமானது.

ஆக, பெற்றோர் பெரும்பாலும் மகளுக்குத் தீங்கு நினைத்து இதைச் செய்வதில்லை. அவளைக் காப்பதாகவே நம்புகிறார்கள். உளவியல் நோக்கில் இதுவே சிக்கலின் முடிச்சு. ஏனென்றால் தன்னை நேசிப்பவர்களே தன் விருப்பத்தைக் கேளாமல் தன் வாழ்வை முடிவு செய்தார்கள் என்னும் போது, அந்தப் பெண்ணால் கோபத்தை வெளியே யார்மீதும் காட்ட முடிவதில்லை. அது உள்ளே திரும்புகிறது.

உலக நலவாழ்வு நிறுவனம் 10 முதல் 19 வயது வரையான காலத்தை வளரிளம் பருவம் என்கிறது. திட்டமிடுதல், உணர்ச்சியை அடக்கியாளுதல், விளைவை முன்கூட்டி எடைபோடுதல் ஆகியவற்றுக்குப் பொறுப்பான மூளையின் முன்னெற்றிப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ச்சியடைந்துகொண்டே இருக்கிறது. உளவியலாளர் எரிக் எரிக்சன் மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தீர்க்கவேண்டிய ஒரு நெருக்கடி உண்டு என்றார். வளரிளம் பருவத்துக்குரியது ‘நான் யார்’ என்ற தன்னடையாளத் தேடல், அதற்கடுத்த கட்டத்துக்குரியது மற்றொருவருடனான நெருக்கம். இளவயதுத் திருமணம் இந்த வரிசையைப் புரட்டிப்போடுகிறது. தன் அடையாளம் உருவாகுமுன்பே ஒருத்தி மனைவியாகவும் மருமகளாகவும் சில மாதங்களில் தாயாகவும் ஆக்கப்படுவதால், எதை விரும்புகிறோம் என்று கண்டறியும் வேலை பாதியில் நின்றுவிடுகிறது. எரிக்சனின் கட்டங்கள் மேற்கத்திய வாழ்வை வைத்து எழுதப்பட்டவை, கூட்டுக்குடும்ப வாழ்வுக்குப் பொருந்தா என்ற மறுப்பில் நியாயம் உண்டு. எனினும் தோழியரும் பள்ளியும் தாய்வீடும் ஒரே நாளில் இல்லாமற்போவது எந்தச் சமூகத்துப் பெண்ணுக்கும் இழப்புதான்.

தீங்கு தாலி ஏறும் நாளில் தொடங்குவதாக நினைப்பதும் சரியன்று. எத்தியோப்பியாவின் அம்காரா வட்டாரத்தில் வளரிளம் பெண்களிடையே நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், மணமானவர்களிடம் மட்டுமின்றி, நிச்சயம் செய்யப்பட்டவர்களிடமும் பெண் கேட்டு வந்திருந்தவர்களிடமும்கூட, திருமணப் பேச்சே எழாதவர்களைவிடத் தற்கொலை எண்ணம் அதிகமாகக் காணப்பட்டது. வீட்டில் தரகர் வந்துபோகும் சத்தத்தைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டு கணக்குப் பாடம் படிக்கும் பெண்ணுக்கு அந்த வருடமே பறிபோய்விடுகிறது. பாடத்தில் கவனம் சிதறுகிறது, மதிப்பெண் குறைகிறது, ‘படிப்பு ஏறவில்லை, கட்டிக்கொடுத்துவிடலாம்’ என்ற முடிவுக்கு அதுவே ஆதாரமாகிறது.

மணமான பின் வருவனவற்றில் மிகப் பரவலானது மனச்சோர்வு. இரண்டு வாரங்களுக்கு மேலாக நீடிக்கும் துயரம், எதிலும் நாட்டமின்மை, தூக்கமும் பசியும் கெடுதல், தன்மீதே வெறுப்பு ஆகியவை சேர்ந்த நிலையையே மருத்துவம் இப்பெயரால் குறிக்கிறது. சாதாரணமான மன வருத்தத்திலிருந்து இது வேறுபட்டது. பதற்றக் கோளாறு இதனுடன் பெரும்பாலும் சேர்ந்தே வரும். ஆயத்தமும் இசைவும் இல்லாமல் நேரும் உடலுறவு, மூன்றாவதான ஒரு விளைவைத் தருகிறது: அச்சமூட்டும் நிகழ்வு முடிந்த பிறகும் அது நினைவிலும் கனவிலும் திரும்பத் திரும்ப வந்து, உடல் திடுக்கிட்டபடியே இருக்கும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல். இங்கே நிகழ்வு முடிவதே இல்லை, அதே அறையில் அன்றாடம் தொடர்கிறது. ‘கற்றுக்கொண்ட இயலாமை’ என்று மார்ட்டின் செலிக்மன் 1960-களில் விவரித்த நிலையும் இதற்குப் பொருந்தும். என்ன செய்தாலும் துன்பம் மாறாது என்று பலமுறை அனுபவித்து அறிந்த உயிர், தப்பிக்க வாசல் திறந்திருக்கும்போதும் முயல்வதை நிறுத்திவிடுகிறது. ‘பரவாயில்லை, பொறுமையான பிள்ளை’ என்று மாமியார் வீட்டில் பெறும் நற்சான்றிதழுக்குப் பின்னால் சிலபோது இருப்பது இதுதான்.

இந்தத் துயரம் மருத்துவர் எதிர்பார்க்கும் சொற்களில் வெளிவருவதில்லை என்பதும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பதினேழு வயது மருமகள் ‘மனசு சரியில்லை’ என்று சொல்லமாட்டாள். நெஞ்சு படபடக்கிறது, கைகால் அசதி, ஒற்றைத் தலைவலி, சோறு இறங்கவில்லை என்பாள். கூடவே நிற்கும் மாமியார் முன்னிலையில் அதற்குமேல் சொல்லவும் இயலாது. சத்து மாத்திரையும் ஊசியும் கொடுத்து அனுப்புவதோடு சந்திப்பு முடிகிறது. அதற்கும் தீராவிட்டால் அடுத்தது கோயில். தென்னார்க்காட்டுப் பகுதியில் பேயோட்டும் சடங்குகளைப் பல மாதங்கள் தங்கி ஆராய்ந்த மானுடவியலாளர் இசபெல் நபோகோவ், ‘பேய் பிடித்ததாக’ அழைத்துவரப்பட்டவர்களில் மிகுதியானோர் புதிதாக மணமான இளம்பெண்கள் என்று பதிவு செய்திருக்கிறார். காதலில் தோற்றுத் தற்கொலை செய்துகொண்ட வாலிபனின் ஆவி பிடித்திருப்பதாகவும், அதனால் அவள் கணவனை அண்டவிடுவதில்லை என்றும் கூறப்பட்டு, பேயை ஓட்டி அவளை மீண்டும் குடும்ப வாழ்வுக்கு அனுப்புவதே சடங்கின் நோக்கமாக இருந்தது. கணவனை வேண்டாம் என்று தன் வாயால் சொல்ல முடியாத ஒருத்திக்காகப் பேய் அதைச் சொல்கிறது என்று இதைப் படிக்கலாம். அப்படிப் படித்தால், பேயை ஓட்டியதும் அவளுக்கு இருந்த ஒரே குரலும் போய்விடுகிறது.

தாய்மை இந்தச் சுமையைக் கூட்டுகிறது. தமிழ்நாட்டின் ஊர்ப்புறத் தாய்மாரைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து 2002-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, மகப்பேற்றுக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதத்தினர் என்று கண்டது. குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கப் பெண் குழந்தை பிறத்தல், மாமியாருடனும் பெற்றோருடனுமான உறவில் விரிசல், கைக்கு உதவியாக ஆள் இன்மை ஆகியவை அதற்கு இட்டுச்சென்றன. அந்த ஆய்வு எல்லா வயதுத் தாய்மாரையும் பற்றியது. ஆனால் அது அடுக்கிய காரணங்கள் அத்தனையும் ஒருங்கே குவியும் இடம் இளவயதில் மணமான பெண்ணின் வீடு என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

இதன் கடைசி எல்லை தற்கொலை. 2016-இல் உலகில் தற்கொலையால் இறந்த பெண்களில் 36.6 சதவீதத்தினர் இந்தியப் பெண்கள் என்று ‘லான்செட்’ குழும இதழ் ஒன்றில் 2018-இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. திருமணம் பெண்ணைத் தற்கொலையிலிருந்து காக்கும் என்று மேற்கு நாடுகளின் தரவை வைத்து நெடுங்காலம் கருதப்பட்டுவந்தது. ஆனால் இந்தியாவில் தற்கொலை செய்துகொள்ளும் பெண்களில் மணமானவர்களே மிகுதி. சிறுவயதில் நிச்சயித்து முடிக்கப்படும் திருமணம், இளவயதுத் தாய்மை, குடும்ப வன்முறை, பொருளாதாரச் சார்பு ஆகியவற்றை அதற்கான விளக்கங்களாக அந்த ஆய்வாளர்கள் முன்வைத்தனர்.

இளவயதில் மணமான பெண்கள் அனைவரும் நோயுற்றவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. பரிவுள்ள கணவன், படிப்பைத் தொடரவிடும் மாமனார், அருகிலேயே உள்ள தாய்வீடு என்று அமைந்தவர்கள் மீண்டு நிமிர்ந்திருக்கிறார்கள். ஆனால் அது அவர்களுக்கு வாய்த்தது. ஏற்பாட்டின் நன்மை அன்று. இருபது வயதில் குடும்பத்தலைவனாக்கப்பட்டு, கடனையும் எதிர்பார்ப்பையும் சுமக்கும் இளைஞர்களின் மனநிலை பற்றி மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருப்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும்.

படிப்பை நீட்டிக்கும் நடவடிக்கைகள் பயன் தருகின்றன என்பதில் ஐயமில்லை. 1989-இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண நிதியுதவித் திட்டம் பெண்ணுக்குப் படிப்பையும் வயதையும் நிபந்தனையாக வைத்தது; அது 2022 செப்டம்பரில் ‘புதுமைப் பெண்’ திட்டமாக மாறி, அரசுப் பள்ளிகளில் படித்து உயர்கல்வியில் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. கல்யாணத்துக்கென்று கொடுத்த பணத்தைக் கல்லூரிக்கென்று மாற்றியது சரியான திருத்தம். ஆனால் சட்டத்தின் பக்கம் நிலைமை அவ்வளவு நேரானதன்று. 18 வயதுக்குட்பட்ட மனைவியுடனான உடலுறவும் வல்லுறவே என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் தீர்ப்பளித்தது. சிறார்மீதான பாலியல் குற்றம் பற்றி அறிந்தவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் விதி. இரண்டும் பெண்ணைக் காக்க வந்தவையே. ஆயினும் கருவுற்ற பதினேழு வயதுப் பெண் மருத்துவமனையில் பதிவு செய்யப்போனால் கணவன் சிறைக்குப் போவான் என்று குடும்பம் அஞ்சுவதால், வயதை மாற்றிச் சொல்வதும், பரிசோதனைக்கே போகாதிருப்பதும் நடக்கின்றன. பாதுகாப்புத் தேடிச் செல்லவேண்டிய இடத்தையே அவள் பயந்து ஒதுங்கும்போது, மனநல உதவி அவளை எட்டுவது இன்னும் தொலைவாகிறது. வளரிளம் பருவக் காதல் உறவுகளைப் போக்சோவின்கீழ் கொண்டுவருவது அச்சட்டத்தின் நோக்கம் அன்று என்று சென்னை உயர்நீதிமன்றம் 2021-இல் கூறியது இந்தச் சிக்கலை உணர்ந்தே.

திருமணம் தடுத்து நிறுத்தப்படும் நாளையும் கிட்டே சென்று பார்க்கவேண்டும். 1098 என்ற சிறார் உதவி எண்ணுக்கு யாரோ தகவல் கொடுக்க, குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலராகவும் பொறுப்பு வகிக்கும் மாவட்டச் சமூகநல அலுவலரோ அவருடைய பணியாளரோ காவலர் ஒருவருடன் வந்துசேர்வார்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழில் வயது சரிபார்க்கப்படும். 18 நிறையும்வரை மணமுடிக்கமாட்டோம் என்று பெற்றோரிடம் எழுதி வாங்கப்படும். அந்தப் பெண், குழந்தைகள் நலக் குழுவின்முன் நிறுத்தப்பட்டு, காப்பகத்துக்கோ, பெரும்பாலும் அதே வீட்டுக்கோ அனுப்பப்படுவாள். பந்தலுக்கும் சமையலுக்கும் கொடுத்த முன்பணம் போனதற்கும், ஊரில் தலைகுனிய நேர்ந்ததற்கும், ‘தகவல் சொன்னது நீதானே’ என்ற சந்தேகத்துக்கும் அந்த வீட்டில் இனி பதில் சொல்லவேண்டியவள் அவளே. பதிவேட்டில் ‘தடுக்கப்பட்டது’ என்று எழுதப்பட்டதோடு கோப்பு மூடப்படுகிறது. சில மாதம் கழித்து வேறு மாவட்டத்தில் தாலி ஏறினாலும் தெரிவதற்கு வழியில்லை. திருமணத்தைத் தடுத்த பிறகு அவளை மாதம் ஒருமுறை தனியே சந்தித்துப் பேசும் ஆலோசகர், மீண்டும் பள்ளியில் சேர்த்துவிடும் ஆசிரியர், வீட்டில் இருக்க முடியாத நிலையில் தங்க ஒரு விடுதி ஆகியவை எல்லா மாவட்டத்திலும் ஒரே சீராக அமைந்திருக்கவில்லை. 1986 முதல் சென்னையில் இயங்கும் சிநேகா போன்ற தற்கொலைத் தடுப்பு மையங்களும், 2022-இல் தொடங்கப்பட்ட 14416 என்ற மனநலத் தொலைபேசிச் சேவையும் உண்டுதான்; அவற்றை அழைப்பதற்கு அவளிடம் ஒரு கைப்பேசி இருக்கவேண்டும், அதுவோ முதலில் பறிக்கப்பட்ட பொருள்.

மணமாகிவிட்டவளுக்கும் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. குழந்தைத் திருமணம் பொதுவாகத் தானாகவே செல்லாததாகிவிடுவதில்லை. சிறுவயதில் மணமானவர், உரிய வயதை எட்டி இரண்டு ஆண்டுகள் முடியும்வரை, மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து அதை ரத்து செய்துகொள்ளலாம். ஒரு பெண்ணுக்கு அந்தக் கெடு இருபதாவது பிறந்தநாளோடு முடிகிறது. பதினாறில் மணமாகி, பதினேழில் தாயாகி, கணவன் வீட்டாரின் துணையின்றிப் பேருந்து ஏறியிராதவள், மனச்சோர்வின் நடுவே, அந்த நான்கு ஆண்டுகளுக்குள் இப்படியொரு பிரிவு இருப்பதை அறிந்து, வழக்கறிஞரைக் கண்டுபிடித்து, பெற்றோருக்கு எதிராகவே மனுவில் கையெழுத்திட வேண்டும். இந்தப் பிரிவைப் பயன்படுத்தி வருபவர்கள் மிகச் சிலரே.